ஆறாம் தரத்துப் படிவம்

பாடசாலை விடுமுறையில், கடந்த செவ்வாய்க்கிழமை, மச்சானும் நானும் மருமகனைக் கூட்டிக்கொண்டு கல்லடிக்குப் போனோம், சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தைப் பார்க்க.

மருமகனுக்குப் பதினாறு வயது. பாடசாலை பேண்டில் ட்ரம்பட் ஊதுகிறான். ஒரு வருடமாக ஜாஸ் பைத்தியம். மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டைப் போனில் போட்டுக் கேட்டுக் கேட்டு ஊதிப் பார்ப்பான். “இதைத்தான் படிக்கப் போறன்” என்று சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. மச்சானுக்குத் துளியும் விருப்பமில்லை. “ஒருக்காப் போய்ப் பார்ப்பம்” என்று ராத்தா கெஞ்சித்தான் வந்தார்.

1892இல் காரைதீவில் பிறந்து, 1947இல் யாழ்நூலைத் தந்துவிட்டுப் போன விபுலானந்த அடிகளின் பெயரில் நிற்கும் இடம். காத்தான்குடிக்குப் பக்கத்தில்தான். இத்தனை வயதுக்கு நாங்கள் அந்த கேட்டுக்குள் காலடி வைத்தது அன்றுதான்.

அங்கே ஜாஸ் இல்லை, கர்நாடக சங்கீதம்தான். மகனின் முகம் வாடிப்போனது.

ஒரு விரிவுரையாளர் எங்களை இருத்திப் பேசினார். “ஜாஸ்காரர் மேடையிலேயே கற்பனை பண்ணி வாசிப்பாங்க. எங்கட ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் அப்படித்தானே. நீங்க கேக்கிற இசைத்தட்டில ஒரு ஸ்கேலிலயே நிண்டு விரிச்சுக்கொண்டு போறாங்க. அது எங்களுக்குத் தூரமில்ல தம்பி.”

பிறகு நாலு ஸ்வரம் பாடினார். மகன் ட்ரம்பட்டை எடுத்து அப்படியே ஊதினான். எட்டாகக் கூட்டினார். அதையும் ஊதினான். அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் திரும்பினார்.

“நல்ல காது. உயர்தரத்தில சங்கீதம் எடுப்பீங்களா? இஞ்ச வர அது வேணும். செய்முறைப் பரீட்சையும் இருக்கு.”

நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. அவனுடைய அழகியல் பாடம் சித்திரம். தரம் 6இல் அந்தப் படிவத்தை நிரப்பியது, வகுப்பாசிரியராக இருந்த நான். கையொப்பம் வைத்தது மச்சான். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லை. தாருங்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்டதும் இல்லை.

ஆட்டோவில் வரும்போது மச்சான் சொன்னார்: “படிக்கிறதா இல்லையா எண்டு ஆறுதலாப் பேசுவம். ஆனா கேக்காமலே கதவைச் சாத்தினது பிழைதான்.”

இப்போது பின்நேரங்களில் சங்கீதம் சொல்லிக் கொடுக்க ஒருவரைத் தேடுகிறோம். தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கும் ஆறாம் தரத்துப் படிவம் வரும். பேனாவை எடுக்க முன்னர் பிள்ளையிடம் ஒரு தரம் கேளுங்கள்.