வெள்ளிக்கிழமை ஞாயிறு

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமைக்கென்று தனி மரியாதை கிடையாது. வருஷத்தில் ஒரே ஒரு பெரிய வெள்ளிக்கு மும்மணி ஆராதனையும் கஞ்சியும் உண்டு. மற்ற வெள்ளியெல்லாம் வாழைத்தார் வெட்டும் தண்ணீர் முறையும் ரேஷன் கடையுமாகப் போய்விடும். கல்ஃபை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகும் எனக்கு மட்டும் வியாழன் ராத்திரியானால் மறுநாளைக்குச் சட்டை தேய்த்து வைக்கவேண்டும் என்று கை பரபரக்கிறது.

துபாயில் எங்களுக்கு வெள்ளிதான் ஞாயிறு. கம்பெனி வண்டி ஓடாத ஒரே நாள் அது. அல் கூஸ் கேம்ப்பிலிருந்து பஸ் மாறி ஊத் மேத்தாவுக்குப் போவோம், பரிசுத்த திரித்துவ ஆலய வளாகத்துக்கு. பக்கத்திலேயே கத்தோலிக்கரின் புனித மரியன்னை ஆலயம். அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித் கொடுத்த நிலத்தில் 1967இல் எழும்பியது. அந்தத் தெருவில் இறங்கினால் கசவுப் புடவை கட்டிய மலையாளிச் சேச்சிமார், கிதாரைத் தோளில் மாட்டிய பிலிப்பைன்ஸ் பிள்ளைகள், தலைவழியே வெள்ளைத் துணி போர்த்திய எத்தியோப்பியப் பெண்கள் என்று ஒரே ஜனம். கோயில் மணிச் சத்தம் மட்டும் இருக்காது.

வளாகத்துக்குள் பல ஹால்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாஷை, அதற்கென்று பங்கு போட்ட நேரம். முந்தின சபையார் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வெளியே வர வர, நாங்கள் உள்ளே போய் நாற்காலிகளைச் சரிசெய்து, தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைப்போம். நேரம் முடிந்ததும் இடத்தைக் காலி செய்ய வேண்டும், அடுத்த பாஷைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். நாங்கள் தலைகுனிந்து மௌனமாக ஜெபிக்கையில் பக்கத்து ஹாலில் யாரோ டோலக்கை ஓங்கித் தட்டுவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிற்பாடு அந்தச் சத்தம் இல்லாமல் ஜெபம் பண்ணினால் எதையோ விட்டுவிட்ட மாதிரி ஆயிற்று.

என் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டு ஓரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் தாமஸ் ஐயர் அந்தச் செம்மணலில் கட்டின பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. பனைக்கு மேலே அதன் கூர் தெரியும் தூரத்தில் வளர்ந்தவன் நான். எனக்குக் கிறிஸ்தவம் என்பது பிறந்தபோதே கையில் கிடைத்த சாமான். உபதேசியார் சொல்லித்தந்த மனப்பாட வசனம், பிடி அரிசி, அறுப்பின் பண்டிகை ஏலம், அசனத்துக்குப் பந்தியில் இடம் பிடிக்கும் தள்ளுமுள்ளு. எங்கள் ஆலயத்தில் மின்விசிறி இறக்கையில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். பிரசங்கம் நீண்டால் அதைத்தான் எழுத்துக்கூட்டி வாசிப்போம். விசுவாசம் உண்டா என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால், எங்க தாத்தா பேரில் பெஞ்சே இருக்கே என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேம்ப்பில் தாத்தா பெயர் செல்லாது. ஒரு ரூமில் ஆறு கட்டில், இரண்டடுக்கு. எனக்கு மேல்கட்டு. எதிர்ச் சுவர்ப் பக்கம் கீழ்க்கட்டில் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர். வயதில் மூத்தவர், ‘காக்கா’ என்று கூப்பிடுவோம். விடியுமுன் எழுந்து ஒளு செய்து வந்து, யார் தூக்கத்தையும் கலைக்காமல் கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் முசல்லாவை விரிப்பார். மேலே படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். ஊரில் என்றால் அம்மா எழுப்பிவிட்டிருப்பாள். இங்கே எழுப்ப யாருமில்லை, எழவில்லை என்று வருத்தப்படவும் யாருமில்லை.

தனிமை என்றால் பக்கத்தில் ஆள் இல்லாதது என்று நினைத்திருந்தேன். ஆறு பேர் மூச்சு விடும் ரூமில் அது அப்படி வராது. வெள்ளி மத்தியானம் மெஸ்ஸில் சோறு வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று இந்த ஊரில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு எழும். அதோடு சோறு இறங்காது. ஹலோ கார்டு தீரும்வரை வீட்டோடு பேசிவிட்டு வைத்தாலும் அது போகாது, ஒருவேளை கூடும்.

நான் ஏசி மெக்கானிக். வேலை பெரும்பாலும் மொட்டைமாடியில்தான், சில்லர்களுக்கு நடுவே. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்த நேரத்தில் மோட்டார் ரூம் நிழலில் அட்டையை விரித்துப் படுப்போம். சட்டைப்பையில் கிதியோன் சங்கத்தார் இலவசமாகக் கொடுக்கும் சின்னப் புதிய ஏற்பாடு ஒன்று கிடந்தது. பின்னால் சங்கீதங்களும் உண்டு. தூக்கம் வராத ஒரு மத்தியானம் 102ஆம் சங்கீதம் கண்ணில் பட்டது. பாடினவன் யாரோ, சிறுமைப்பட்டவன் என்றுமட்டும் தலைப்பில் இருக்கிறது. சாப்பிட மறந்தேன் என்கிறான், எலும்பெல்லாம் காந்துகிறது என்கிறான், கடைசியில் தன்னைக் கூரைமேல் ஒண்டியாக இருக்கும் குருவி என்கிறான். இருபது மாடிக்கு மேலே உட்கார்ந்து அதை வாசித்தேன். ஓய்வுநாள் பாடசாலையில் எத்தனையோ சங்கீதம் ஒப்புவித்துப் பரிசு வாங்கினவன். இதை யாரும் ஒப்புவிக்கச் சொன்னதில்லை. சொல்ல மாட்டார்கள், பரிசளிப்பு விழாவுக்கு ஆகிற பாட்டில்லை அது.

2009இல் அம்மா இறந்தாள். பாஸ்போர்ட் விசா புதுப்பிப்புக்குப் போயிருந்தது. அன்று கிடைக்காது, நாளையும் கிடைக்காது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் அடக்கத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தம்பி போன் பண்ணி, “அண்ணே, எடுக்கப் போறாங்க” என்றான். அதற்குமேல் பேச முடியாமல் போனை ஆலயத்துப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். சாவு மணி. ஒன்று அடித்து, அது முழுக்க அடங்கின பிறகு அடுத்தது. நடுவில் பெண்கள் அழுகிற சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள். அதன்பின் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

காக்கா எழுந்து டிவியை அணைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “என் வாப்பா மௌத்தானப்பவும் நான் இங்கதான் கெடந்தேன் தம்பி” என்றார். பிறகு, “எறங்கி வா. உன் வேதத்தை எடுத்து ஓது. நானும் உக்காந்திருக்கேன்.” என்னால் வாசிக்க முடியவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் தம்முடைய பாஷையில் முணுமுணுத்து துஆ கேட்டார். என் அம்மாவுக்காகத் துபாயில் ஏறெடுக்கப்பட்ட முதல் ஜெபம் அதுதான். இதைச் சபையில் சாட்சி சொல்லும்போது சொல்லலாமா கூடாதா என்று சிலர் யோசிப்பார்கள். நான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வெள்ளி ஆராதனையில் குருவானவர் ஜெப விண்ணப்பங்களை வாசித்தார். ‘நம்முடைய சகோதரன் ஒருவருடைய தாயார்’ என்று வந்தது. அம்மாவின் பெயரும் ஊரும் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவள் குழம்பில் எவ்வளவு புளி விடுவாள் என்று தெரியாது. எல்லாரும் ‘ஆமென்’ என்றார்கள். பக்கத்தில் நின்றவர் மார்த்தாண்டத்துப் பேச்சு; என் கையைப் பிடித்தவர் பாட்டு முடியும்வரை விடவில்லை. உள்ளங்கை முழுக்கக் கம்பி வளைத்த காய்ப்பு. என்னைத் தெரிந்தவர்கள் நூறு பேர் வந்து துக்கம் விசாரித்திருந்தாலும் அவ்வளவு ஆறுதல் வந்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். யார் மகன், எந்தக் கட்சி, போன பண்டிகையில் யாரோடு முறைத்தான் என்ற கணக்கு ஒன்றும் இல்லாத கை அது.

அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம். போராட்டம், ஓட்டம், கிரீடம் என்று முன்பாதியை எல்லாரும் எடுத்துப் பிரசங்கம் பண்ணுவார்கள், கல்லறையில் பொறிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வருவது. சிறையில் கிடக்கிற கிழவர், தேமா விட்டுப் போய்விட்டான், லூக்கா மட்டும்தான் கூட இருக்கிறான் என்று எழுதுகிறார். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார். தோற்சுருள்களையும் கேட்கிறார். மாரிக்காலம் வருமுன் வந்துவிடு என்கிறார். அவ்வளவு சபைகளை ஏற்படுத்தினவருக்குக் குளிர்கிறது. அதே பக்கத்தில்தான், விசாரணையில் ஒருவரும் வரவில்லை, கர்த்தர் என் பக்கத்தில் நின்றார் என்கிறார். கர்த்தர் நின்றார் என்பதற்காக மேலங்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த வயதில் எனக்குத் தேவைப்பட்ட உபதேசம் இதுதான். அழுகை வருகிறது, ஆகவே விசுவாசம் போதவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, அது என்னைவிட்டுப் போனது அங்கேதான்.

தனிமை எல்லாரையும் முழங்காலில் நிறுத்தும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களோடு அதே பஸ்ஸில் வந்து, அதே பாட்டைப் பாடினவர்களில் குடிக்குள் போய்விட்டவர்களும் உண்டு. என்னைவிட நல்ல குரல் அவர்களுக்கு. என்னைத் தாங்கினது அவர்களை ஏன் தாங்கவில்லை என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. கிருபை என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது எனக்குச் சுலபம், அவர்கள் பெண்டாட்டிமாருக்குச் சுலபமில்லை.

சிரித்ததும் உண்டு. அங்கேயும் அறுப்பின் பண்டிகை வைப்போம். அறுப்பு ஏது? லுலுவில் வாங்கின வாழைச் சீப்பும், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியும்தான் முதற்பலன். ஏலம் என்று வந்துவிட்டால் அக்கவுண்டன்ட்டும் டிரைவரும் சரிக்குச் சரி நிற்பார்கள். உடன்குடிக் கருப்பட்டி ஒன்றை விலை ஏற்றி ஏற்றி, எடுத்தவர் அதை அங்கேயே உடைத்து எல்லாருக்கும் துண்டு துண்டாகக் கொடுத்தார். வாயில் போட்டதும் சத்தம் அடங்கிவிட்டது.

2022 ஜனவரியில் அந்த நாட்டில் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறியது. வெள்ளி அரைநாள் வேலை. பல சபைகள் ஆராதனையை ஞாயிறுக்கே கொண்டுபோய்விட்டன. ஊரைப்போல ஆகிவிட்டது, நல்லதுதானே என்று அங்கிருக்கிற நண்பர் போனில் சொன்னார். நல்லதுதான். ஆனால் நான் திரும்பிப் போனாலும் அந்த வெள்ளிக்கிழமை இனி அங்கே இருக்காது.

இப்போது இங்கே எல்லாம் இருக்கிறது. மணி அடிக்கிறது, தாத்தா பெஞ்சு இருக்கிறது, ஆலயத்துக்குப் போனால் வாசலிலிருந்து வீடுவரை பேச ஆள் இருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் வாய் தானாக ஓடுகிறது. பழகின வார்த்தைகள், நீளமான வார்த்தைகள். மேல்கட்டில் படுத்து, போர்வைக்குள்ளே, ‘ஆண்டவரே, நான் இங்கே இருக்கிறேன்’ என்று மட்டும் சொன்னவனைத் தேடிப் பார்க்கிறேன். பாலைவனத்தில் மேகஸ்தம்பத்தைக் கண்டவர்கள் கானானில் வீடு கட்டினபின் அதை நினைத்து ஏங்கியிருப்பார்களா என்று வேதத்தில் எங்கும் இல்லை. ஏங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இதை ஒருநாள் என் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “உங்களுக்கு வெள்ளிக்கிழமன்னு ஒண்ணு இருந்திச்சு. நீங்க அங்க போய்ப் பாடிக்கிட்டு இருந்திய. எனக்கு எந்தக் கிழம?” என்றாள். நான் பேசவில்லை. அவளே சொன்னாள். பொங்குமுன் பானையிலிருந்து பிடி அரிசி எடுத்து வைக்கும்போது மட்டும் யாரோ பக்கத்தில் நிற்பதுபோல இருக்கும் என்றாள். ராத்திரி பிள்ளைகளை வைத்துக் குடும்ப ஜெபம் பண்ணும்போது, அப்பாவைப் பாதுகாத்தருளும் என்று சின்னவன் சொல்ல, அதற்குமேல் தனக்கு ஜெபம் வராது, ஆமென் சொல்லி முடித்துவிடுவேன் என்றாள். இத்தனை வருஷக் கடிதத்திலும் போனிலும் இதை ஒருமுறையும் சொன்னதில்லை. எல்லாரும் சுகம், ஆலயத்துக்குப் போனோம் என்றே சொல்வாள். நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் இருவரும் உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிப்பது என்று பேச்சு. நேரம்தான் முடிவாகவில்லை. விடியற்காலை நாலரைக்கு என்கிறாள் அவள், எனக்குச் சாயங்காலம்தான் சரிப்படும். காலையில் அம்மா மாதிரி ஒருவர் எழுப்பினால் எழுந்திருப்பேன் என்றேன். எழுப்பத்தான் நான் இருக்கேனே என்றாள்.