பச்சை போகாத பழம்

செரோக்கி பர்ப்பிள் தக்காளியை எப்போது பறிப்பது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, காம்பைச் சுற்றியுள்ள தோளைப் பார்க்காதீர்கள் என்பதுதான். அந்தத் தோள் பெரும்பாலும் கடைசிவரை பச்சை விடாது. அதுவும் மாறட்டும் என்று காத்திருந்தால் அடிப்பக்கம் கொழகொழத்துவிடும். வெட்டும்போது பலகையில் சாறுதான் ஓடும். பார்க்க வேண்டியது அடியை. பூ உதிர்ந்த தழும்பைச் சுற்றி முதலில் பச்சை வெளுக்கும். பிறகு அழுக்கு ரோஸ் ஏறும். கடைசியில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறத்துக்கு வரும். அந்த நிறம் பாதிப் பழத்துக்கு மேல் ஏறியதும் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். நகம் படக்கூடாது, விரலின் சதைதான் பட வேண்டும். கல்லாக இருந்தால் இன்னும் நாளாகும். அமுங்கி மெதுவாக மீண்டால் பறிக்கலாம். குழி அப்படியே நின்றால் அன்றைக்கே சாப்பிட்டாக வேண்டும்.

சிவப்புத் தக்காளிக்கு இத்தனை பாடு கிடையாது. நான் பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறிச் சந்தையை வைத்தே பிழைக்கும் ஊர். காய், செங்காய், பழம் என்று பிரிப்பதை அங்கே பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொள்வார்கள். தூரத்துக்குப் போகிற லாரியில் செங்காய் ஏறும், பழம் உள்ளூரிலேயே நிற்கும். நாட்டுத் தக்காளியானாலும் பெங்களூர்த் தக்காளியானாலும் நிறத்தைப் பார்த்தே முடிவு. வட கரோலினாவில் கேரி என்ற ஊருக்குக் குடிவந்து, வீட்டுக்குப் பின்னால் செரோக்கி பர்ப்பிள் போன்ற கறுப்பு ரகங்களைப் போட ஆரம்பித்த பிறகு அந்தக் கண்ணுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஒரு கோடையில் வந்திருந்த அம்மா என் கூடையைப் பார்த்துவிட்டு, “என்னடி, எல்லாம் வெம்பலா இருக்கு?” என்றாள். சாப்பிட்டுப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாளே செடியோரம் குனிந்து ஒவ்வொரு பழத்தின் அடியையும் மோந்து பார்த்துப் பறிக்க ஆரம்பித்துவிட்டாள். வாசனையை வைத்து அவள் பறித்தது என் கட்டைவிரலைவிடத் துல்லியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு என்கிறோமே தவிர, இந்தப் பழத்துக்குள் கறுப்பு நிறமி எதுவும் கிடையாது. சாதாரணத் தக்காளி பழுக்கும்போது பச்சையம் சிதைந்து போகிறது, லைகோபீன் சேர்ந்து சிவக்கிறது. இந்த ரகங்களிலும் லைகோபீன் வழக்கம்போலச் சேர்கிறது, பச்சையம் மட்டும் முழுதாகப் போவதில்லை. சிவப்பின் மேல் பச்சை தங்கிவிடுவதால் நம் கண்ணுக்குப் பழுப்பாகவும் ஊதாவாகவும் தெரிகிறது. பச்சையத்தை அப்புறப்படுத்துவதில் பங்குள்ள ஒரு மரபணு பழுதாகிவிட்டதே காரணம். கிரீன் ஃபிளெஷ் என்று அதற்குப் பெயர். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய ரகங்கள் பலவற்றைப் பரிசோதித்து, அதே மரபணுவில் அதுவரை தெரியாத நான்கு வெவ்வேறு பழுதுகளைக் கண்டது. அப்படியானால் இந்தக் கறுப்பு ஒரே தாய்ச்செடியிலிருந்து பரவியதல்ல. வெவ்வேறு தோட்டங்களில் தனித்தனியாக முளைத்தது. ஒவ்வொரு இடத்திலும் யாரோ ஒருவர், இது வீணாய்ப்போன பழம் என்று தூக்கி எறியாமல் தின்று பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஆளின் மீதுதான் மரியாதை.

மீதி வித்தியாசம் தோலில் இருக்கிறது. பழத்தைக் கொதிநீரில் முக்கி எடுத்துத் தோலை உரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செரோக்கி பர்ப்பிளின் தோல் நிறமற்ற கண்ணாடித்தாளாக இருக்கும். அதனால் உள்ளே இருக்கும் சதை ஊதா கலந்த ரோஸாகத் தெரிகிறது. செரோக்கி சாக்லெட்டின் தோலில் மஞ்சள் ஓடும். அதே சதை மஞ்சள் வழியாகத் தெரியும்போது செங்கற்பழுப்பு. இரண்டுக்கும் இடையே வேறு பெரிய பேதம் இல்லை. 1995இல் செரோக்கி பர்ப்பிள் செடிகளுக்கு நடுவே ஒரு செடி பழுப்பாகக் காய்த்ததிலிருந்து வந்ததுதான் அந்தச் சாக்லெட்.

அதைக் கவனித்தவர் கிரெய்க் லெஹூலியர். தொழிலால் வேதியியலாளர், அப்போது எங்கள் பக்கத்து ஊரான ராலேயில் இருந்தார். வீட்டு முன்னாலிருக்கும் கார்ப்பாதையில் தொட்டி தொட்டியாகத் தக்காளி வளர்த்தவர். 1990இல் டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர் அவருக்குத் தபாலில் கொஞ்சம் விதை அனுப்பினார். பக்கத்துக் குடும்பமொன்று பல தலைமுறைக்கு முன்பு செரோக்கிப் பழங்குடி மக்களிடமிருந்து பெற்ற ஊதாத் தக்காளி என்பது அதனுடன் வந்த சேதி. லெஹூலியர் போட்டுப் பார்த்தார், பெயர் வைத்தார், வெர்ஜீனியாவில் உள்ள சதர்ன் எக்ஸ்போஷர் என்ற விதை நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவர்கள் 1993இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அமெரிக்காவில் நாற்று விற்கிற கடைகளில் பரவலாகக் கிடைக்கிறது. கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தபால் உறை வழியாக வந்த பழம் இது என்று தெரிந்திருக்காது.

கருங்கடல் பக்கத்திலிருந்து வந்தது பிளாக் கிரிம். கிரைமியாவின் பெயரைத் தாங்கியது, ஸ்வீடன்காரர் ஒருவர் வழியாக மேற்குலகத்துக்கு வந்தது. உப்புப் போடாமலே உப்புக்கரிப்பது போல ஒரு ருசி, ஆனால் மழை தூறினாலே வெடிக்கும். பால் ராப்சன் என்ற ரஷ்ய ரகம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரின் பெயரில் இருக்கிறது. சோவியத் நாட்டில் அவருக்கு இருந்த செல்வாக்குக்கு இந்தத் தக்காளி சாட்சி. காய்ப்பு குறைவு. ருசியில் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. முதன்முறை போடுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பிளாக் செர்ரி. சின்னப் பழம், கொத்துக் கொத்தாகக் காய்க்கும், கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தார் (ஒரேகான் ஸ்டேட்) உருவாக்கிய இண்டிகோ ரோஸ் போன்றவற்றை இந்தக் கூட்டத்தில் நான் சேர்ப்பதில்லை. அவை பழைய ரகங்கள் அல்ல. காட்டுத் தக்காளி இனங்களிலிருந்து கலப்பு செய்து கொண்டுவந்த ஆந்தோசயனின் அவற்றுக்கு நிறம் தருகிறது. வெயில் படுகிற தோலில் மட்டும் கத்தரிக்காய் நிறம். இலை மறைத்த இடமும் உள்சதையும் சாதாரணச் சிவப்பு. பார்க்க அழகு. தின்ன அவ்வளவு இல்லை.

எங்கள் கேரிப் பகுதியின் மண் சிவப்புக் களி. ஈரமாக இருந்தால் மண்வெட்டியில் ஒட்டும், காய்ந்தால் ஓடாகிவிடும். புளிப்புத்தன்மையும் அதிகம். மாநில வேளாண் துறை ஆண்டின் பெரும்பகுதி இலவசமாகவே மண் பரிசோதனை செய்து தருகிறது, அதைப் பார்த்துத்தான் சுண்ணாம்பு போடுகிறேன். பலகை அடித்து உயர்த்திய பாத்தியில், இலைமக்கு பாதிக்குப் பாதி. ஏப்ரல் நடுவில் உறைபனி பயம் போனதும் நடவு. நாற்றின் கீழிலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போகும்படி நடுவேன். புதைந்த தண்டு முழுக்க வேர் விடும். மேலே பைன் ஊசியிலை மூடாக்கு, அது இந்த ஊரில் வைக்கோலைவிடச் சுலபமாகக் கிடைக்கும். முழங்கால் உயரம் வரை இலை வைப்பதில்லை, ஏனென்றால் மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடு இலைக்கருகல் ஏறிவிடும். அதற்கு மேலே உள்ள இலையில் கைவைப்பதில்லை. வெயில் நேரே பட்டால் இந்தத் தோள்கள் வெளுத்து வெந்துவிடும். அந்தத் தோளின் கரும்பச்சைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழம் எங்கும் சீராகச் சிவக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக வணிக ரகங்களில் புகுத்தப்பட்ட ஒரு மரபணு மாற்றம் காயின் பசுங்கணிகங்களைக் குறைத்துச் சர்க்கரையையும் குறைத்துவிட்டது என்று 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. பழைய ரகங்களில் பல அந்தச் சீர்திருத்தத்துக்கு ஆளாகாதவை.

ஜூலையில்தான் உண்மையான சோதனை. பகலில் முப்பத்தைந்து டிகிரி, சாயங்காலம் இடிமழை. வேர் திடீரென்று தண்ணீரை இழுக்க, மெல்லிய தோல் தாங்காமல் காம்பைச் சுற்றி வளையம் வளையமாக வெடிக்கிறது. வெடித்த பிளவில் மறுநாளே பூஞ்சை. நுனி அழுகலும் தண்ணீர்க் கோளாறுதான். மண்ணில் கால்சியம் இருந்தும், நீர் சீராக ஓடாததால் அது பழத்தின் நுனிவரை போய்ச் சேர்வதில்லை. முட்டை ஓட்டைக் கொட்டி அதைச் சரிசெய்யலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொட்டுநீர்க் குழாயும் கனமான மூடாக்கும் செய்கிற வேலை அது.

ஆகவே மழை வரும் என்று தெரிந்த நாளில் அடியில் நிறம் திரும்பிய எல்லாவற்றையும் செங்காயாகவே பறித்துவிடுகிறேன். கொடியிலேயே பழுத்தால்தான் ருசி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பச்சைக்காயைப் பறித்துப் பழுக்க வைப்பது வேறு. நிறம் திரும்பியதைச் சமையல் மேடையில் இரண்டு மூன்று நாள் வைப்பது வேறு. முன்னதில் ருசி போய்விடும், பின்னதில் கொடியில் பழுத்ததற்கும் இதற்கும் என் நாக்கால் பேதம் சொல்ல முடியவில்லை. காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று கூடாது. ஃபிரிட்ஜ் கூடவே கூடாது. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டியபடி, ஒரு வாரக் குளிரில் வாசனை தரும் சேர்மங்கள் சரிந்துவிடுகின்றன, வெளியே எடுத்து வைத்தாலும் முழுதாக மீள்வதில்லை. வாசனையே இல்லையென்றால் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமே.

வெயில் நிறத்தையும் கெடுக்கும். முப்பது டிகிரியைத் தாண்டிவிட்டால் லைகோபீன் உருவாவது மந்தமாகிறது. அப்போது பழுக்கும் பழத்தில் ஊதா ஏறாது, சேற்றுப் பழுப்பில் நின்றுவிடும். இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் மகரந்தம் பலனற்றுப்போய்ப் பூ உதிரும். அதனால் ஜூலை மத்தியில் கண்ணை நம்பவே கூடாது; விரலும் மூக்கும்தான். செப்டம்பரில் இரவு குளிர்ந்த பிறகு வருகிற இரண்டாம் காய்ப்புதான் நிறத்திலும் ருசியிலும் ஆண்டின் உச்சம்.

இது புகையிலை பூமி. அதனால் புகையிலைக் கொம்புப்புழு தக்காளிக்கும் வரும். விரல் தடிமன், இலையின் அதே பச்சை, பக்கவாட்டில் ஏழு சாய்ந்த வெள்ளைக் கோடு, பின்னால் சிவப்புக் கொம்பு. ஒரே இரவில் ஒரு கிளையை மொட்டையாக்கும். கீழிலையில் மிளகு மிளகாக எச்சம் கிடந்தால் அதற்கு நேர்மேலே தேட வேண்டும். புழுவின் முதுகில் அரிசிமணி போல வெள்ளைக் கூடுகள் நட்டுக்கொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். ஒரு சிறு குளவி உள்ளே முட்டையிட்டு, குஞ்சுகள் புழுவைத் தின்று வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. அந்தப் புழு இனிமேல் இலை தின்னாது. கூடுகளிலிருந்து பறக்கப்போகிற குளவிகள் அடுத்த புழுக்களைப் பார்த்துக்கொள்ளும். மானுக்கு மட்டும் எட்டடி வேலிதான் பதில்.

சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தக்காளிகளில் ரசம் வைக்காதீர்கள். நம் சமையலில் தக்காளி வருவது புளிப்புக்காக, இவற்றில் புளிப்பு அடங்கியிருக்கும். குழம்பில் போட்டால் நிறமும் சேறு மாதிரி ஆகிவிடும். தடிமனாக வில்லை போட்டு, கல்லுப்பை நுணுக்கித் தூவி, ஐந்து நிமிடம் விட்டுச் சாப்பிட வேண்டும். வில்லையின் நடுவே விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு பச்சையாக இருக்கும், அதை வழித்து எறிபவர்கள் ருசியையே எறிகிறார்கள். அம்மா தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஜூலை மாதம் ஊறுகாய்க்கு வேலை குறைவு. வெடித்ததும் நசுங்கியதும் மட்டும் மிளகாய் பூண்டோடு வதங்கித் தொக்காகும்.

விதையை நான் முதல் பழத்திலிருந்து எடுப்பதில்லை. இந்தப் பெரும்பழ ரகங்களின் முதல் பூ பெரும்பாலும் இரண்டு மூன்று பூ ஒட்டிப் பிறந்தது. சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வண்டு பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து அப்பிவிடும். இரண்டாம் மூன்றாம் கொத்தில் ஒற்றைப் பூவாகப் பார்த்து, மலரும் முன் மெல்லிய வலைப்பை கட்டி, காய் பிடித்ததும் பையைக் கழற்றிக் காம்பில் நூல் கட்டிவிடுவேன். பழுத்ததும் விதைச்சாற்றைக் கண்ணாடி டம்ளரில் வழித்து, மூன்று நாள் புளிக்க விட வேண்டும். மேலே வெள்ளை ஆடை படரும், நாற்றமும் வரும். கழுவினால் அந்த வழுவழுப்புப் போய் விதை அடியில் தங்கும். சதையை வழக்கம்போலச் சாப்பிடலாம், எதுவும் வீண் இல்லை.

ஊரிலிருந்து தம்பி விதை கேட்டான். இந்தியாவுக்குள் விதை கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும், பையில் போட்டுக்கொண்டு வர முடியாது என்றேன். அங்கேயே மாடித்தோட்டக்காரர்களிடம் இப்போது செரோக்கி பர்ப்பிளும் பிளாக் கிரிமும் புழங்குகின்றன. ஆவணியில் விதைத்து, இரவு குளிர்கிற கார்த்திகை, மார்கழியில் பூக்கும்படி பார்த்துக்கொள், வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருட்டை நோயைத் தாங்காது, நாற்றுக்கு வலை போடு என்றேன். “அக்கா, சந்தையில போகுமா?” என்று கேட்டான். தோலைப் பற்றிச் சொன்னேன். பெட்டியில் அடுக்கினால் அடித்தட்டுப் பழம் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் சாறாகிவிடும், வீட்டுக்கு நாலு செடி போடு என்றேன். எட்டுச் செடி போட்டிருக்கிறானாம்.