அப்பா முடிக்காத அந்த 'ஆனா...'

டிஜிட்டல் டெஸ்க்கில் என் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், விடையை ஒளித்து வைப்பது. 'அந்த நடிகை யார் தெரியுமா?', 'காரணம் இதுதான்!' என்று தலைப்பு வைத்துவிட்டு, விஷயத்தை நான்காவது பாராவுக்குக் கீழே புதைக்க வேண்டும். திட்டிக்கொண்டே ஸ்க்ரோல் செய்திருப்பீர்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அதனாலோ என்னவோ, மர்ம நாவல் என்றாலே கொஞ்ச காலமாக அலுப்பு. ஸ்கூல் லீவில் ராஜேஷ்குமாரின் விவேக்கையும் சுஜாதாவின் கணேஷ் - வசந்த்தையும் அட்டை கிழிந்த புத்தகங்களில் தேடித் தேடிப் படித்தவள்தான். இப்போதெல்லாம் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் 'யாருன்னு சொல்லித் தொலைங்களேன்' என்று தோன்றிவிடுகிறது.

நைட் ஷிஃப்ட் முடிந்து தூக்கம் வராத ஒரு காலையில், ஹாஸ்டல் ரூம்மேட்டின் கட்டிலில் கிடந்த புத்தகத்தை எடுத்தேன். அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதிய 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி'. 1998-ல் வந்தது. இதில் தொடங்கிய வரிசை 25 நாவல்களையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. எழுதியவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். கதை நடப்பதோ ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் தலைநகர் கேபரோனில்.

துப்பறிபவர் பிரெஷியஸ் ராமோட்ஸ்வே. பருமனான பெண்மணி. அதைச் சொல்லிக் காட்டினால், 'இது எங்கள் பாரம்பரிய உடல்வாகு' என்பார். எல்லோரும் அவரை 'ம்மா ராமோட்ஸ்வே' என்கிறார்கள். அந்த ஊர் மொழியில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. 'என்னம்மா, வாங்கம்மா' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த 'ம்மா' உடனே ஒட்டிக்கொண்டது. துப்பாக்கி, தடயவியல், கோட்டு சூட்டு எதுவும் கிடையாது. ஒரு குட்டி வெள்ளை வேன், பழைய டைப்ரைட்டர், டீ பாத்திரம், மூன்று கோப்பைகள். செக்ரட்டரி மகுட்ஸி, டைப்பிங் கல்லூரியில் 97 சதவிகிதம் வாங்கியவர். அதை நாம் மறக்க அவர் விடவே மாட்டார். நம் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருப்பார்தானே?

வழக்குகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். பல வருடங்களுக்கு முன் காணாமல்போன அப்பா என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆள், ஒரு பெண்ணின் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு நன்றாகச் சாப்பிடுகிறான். நிஜ அப்பாதானா? ராமோட்ஸ்வே நர்ஸ் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய், 'உங்கள் மகள் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறாள், நிறைய ரத்தம் வேண்டும், கொடுத்தால் நீங்கள் பிழைப்பது சந்தேகம்' என்கிறார். அவ்வளவுதான், 'அவள் என் மகளே இல்லை' என்று உண்மை வந்துவிடுகிறது. டி.என்.ஏ டெஸ்ட்டெல்லாம் எதற்கு?

இன்னொன்றில் நம்மூர்க்காரர் வருகிறார். படேல் என்ற பணக்காரக் கடைக்காரர், 16 வயது மகள் யாரையோ காதலிக்கிறாளோ என்று பின்தொடரச் சொல்கிறார். கடைசியில் காதலனே இல்லை. அப்பாவின் கெடுபிடிக்குப் பதிலடியாக மகளே இட்டுக்கட்டிய பையன் அவன்! குழந்தை காணாமல்போகும் கனமான ஒரு வழக்கும் புத்தகத்தில் உண்டு. நியாயமாக அதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும்.

ஆனால், நான் நின்றுபோன இடம் வேறு. ராமோட்ஸ்வேயின் அப்பா ஓபெட், தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் உழைத்து, அந்தத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போனவர். சம்பாதித்ததையெல்லாம் மாடுகளாக வாங்கிச் சேர்த்தவர். மரணப் படுக்கையில், 'மாடுகளை விற்று ஏதாவது தொழில் வை, இறைச்சிக்கடை மாதிரி' என்கிறார். 'துப்பறியும் நிறுவனம் வைக்கப்போகிறேன்' என்கிறாள் மகள். அவர் கண்கள் விரிகின்றன. 'ஆனா...' என்று ஏதோ சொல்ல வருகிறார். முடிக்காமலே இறந்துபோகிறார். அவ்வளவு நேரமும் சிரித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். அப்பா விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்துதான் காபி குடிப்பார். டிகிரி முடித்ததும் பி.எட் படிக்கச் சொன்னார். நான் ஜர்னலிசம் டிப்ளமோ என்றேன். இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் வியாபாரி வந்து இரண்டு எருமைகளையும் ஓட்டிக்கொண்டு போனார். ஃபீஸ் பணத்தை என் கையில் கொடுத்தபோது அப்பா, "போய்ப் படி கண்ணு... ஆனா..." என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது. அதன்பின் அவர் முடிக்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இப்போது அரிசி மில்லுக்கு வேலைக்குப் போகிறார்.

அந்த ஞாயிறு மதியம் போன் செய்தேன்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு. நீ?"

"அப்பா, அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல 'ஆனா'ன்னு ஏதோ சொல்ல வந்தீங்களே... என்னங்கப்பா அது?"

கொஞ்ச நேரம் பின்னால் ஃபேன் சத்தம் மட்டும்தான். ராமோட்ஸ்வேயாக இருந்தால் இந்த இடத்தில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பார். நானும் காத்திருந்தேன்.

"அதெல்லாம் யாருக்கு ஞாவகம் இருக்குது..." என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி கரகரத்தது. "சரி கண்ணு, பால் கறக்க நேரமாச்சு, வெச்சர்றேன்."

மணி அப்போது இரண்டு. எங்கள் கட்டுத்தரை மூன்று வருடமாகக் காலியாகக் கிடக்கிறது.