சத்தம் போடாதீங்க, பறவை இருக்கு!

பறவை பார்க்கப் போகிறவன் விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட வேண்டும் என்பார்கள். நானும் சனிக்கிழமை ராத்திரியே வீட்டில் அப்படி ஓர் உத்தரவு போட்டேன். என் மற்ற உத்தரவுகளுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை இதற்கும் கிடைத்தது. தாம்பரத்தைத் தாண்டும்போது மணி எட்டரை!

பெரியவனுக்கு ஏழு வயசு. முன்பல் விழுந்து கோபுர வாசல் மாதிரி இருக்கிறான். சின்னவளுக்கு நாலு. கார் என் மச்சானுடையது. "சீட் கவர் புதுசு மாமா" என்று சாவியைத் தரும்போதே இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தெரிந்ததும், "தண்ணி! தண்ணி!" என்று பெரியவன் ஜன்னல் பக்கம் பாய்ந்தான். மடியில் இருந்த டிபன் பாக்ஸும் கூடவே பாய்ந்தது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, புது சீட் கவரில் பொல பொலவென்று...

கத்தினேன் சார், கத்தினேன். பக்கத்தில் போன லாரி டிரைவரே திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் பையன் வாயைத் திறக்கவே இல்லை. படாளத்தில் வலது பக்கம் திரும்பி, இரண்டு பக்கமும் வயலாக வந்தபோதும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத பிரயாணம் எங்கள் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

வேடந்தாங்கல் போய்ச் சேரும்போது மணி பத்தேகால். வெயில் உறைக்க ஆரம்பித்துவிட்டது.

ஏரி ஒன்றும் பிரமாண்டமில்லை. சுமார் 73 ஏக்கர்தான். கரைமேல் நடந்துகொண்டே பார்க்கலாம். தண்ணீருக்கு நடுவில் இடுப்பளவு முங்கி நிற்கிற நீர்க்கடம்பு மரங்கள். இலை எங்கே, பறவை எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒவ்வொரு மரத்திலும் அப்படி ஒரு ஜன நெருக்கடி! மாம்பலம் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாதிரி.

வாடகை பைனாகுலரைப் பெரியவன் கையில் கொடுத்து, சமாதானக் கொடி காட்டும் உத்தேசத்தில், "இதெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வர்றதுடா" என்றேன்.

பக்கத்தில் நின்ற வனக்காவலர் தொண்டையைச் செருமினார். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க சார். மரத்துல கூடு கட்டியிருக்கிற நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்கதான். அதோ தண்ணியில மிதக்குதே, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி... அதுங்கதான் வடக்கே ரொம்ப தூரத்துலேருந்து, இமயமலைக்கு அந்தாண்டையிலிருந்து வர்றது. குளிர்காலம் முடிஞ்சா திரும்பிடும். இங்கே முட்டை போடாது."

என் பொது அறிவு அந்த இடத்திலேயே ராஜினாமா செய்தது. பெரியவன் முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு சிரிப்பு.

சின்னவள் பைனாகுலரைப் பிடுங்கினாள். "அய்! அதுக்கும் அண்ணா மாதிரி நடுவுல ஓட்டை!"

நத்தைகுத்தி நாரையைத்தான் சொல்கிறாள். அதன் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் இருக்கும். நத்தையைப் பிடித்துச் சாப்பிடுவதற்குத் தோதான அமைப்பு அது.

இந்த ஊருக்கும் பறவைகளுக்கும் உள்ள உறவு இருநூறு வருஷத்துக்கும் மேலானது. வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டிருக்கிறார்கள். 1798-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைத் தொடக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். வேடர்கள் தங்கிய ஊர் என்று பெயர். செய்தது பறவைக்குக் காவல்! 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி இடம்பிடித்துவிட்டது.

பி.காம். படித்தவனுக்கு இதில் ஒரு வரவு செலவும் தெரிந்தது. பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. உரம் இலவசம். பதிலுக்கு ஊர் கொடுப்பது இடமும் அமைதியும். இருநூறு வருஷமாக டேலி ஆகிற கணக்கு இது.

"தீபாவளிக்கு இங்கே வெடி கிடையாது தம்பி. அந்த நேரத்துலதான பறவைங்க வர ஆரம்பிக்கும்" என்றார் காவலர்.

பெரியவன் அதிர்ந்துவிட்டான். "பொட்டு வெடி கூடவா?"

"திடீர்னு சத்தம் கேட்டா தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துடும். அந்த கேப்புல காக்கா வந்து முட்டையைத் தூக்கிட்டுப் போயிடும்."

பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் தூரத்து மரத்தைப் பார்த்தேன்.

அந்த மரத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை, இரண்டு சிறகையும் குடை மாதிரி விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. பறக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. "அது ஏன் அப்படி நிக்குது?" என்று கேட்டான். ஆஸ்திரேலியா அனுபவத்துக்குப் பிறகு நான் வாயைத் திறப்பேனா?

"கீழே குஞ்சு இருக்கு பாரு. வெயில் படாம மறைச்சு நிக்குது. சூரியன் நகர நகர அதுவும் திரும்பி நிக்கும்" என்றார் காவலர்.

அதிகாலையில் வந்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது. தாமதமாகக் கிளம்பியதில் கிடைத்த ஒரே லாபம். கால் மணி நேரம் பைனாகுலரை இறக்கவில்லை பையன். அது முடிந்ததும் நான் வாங்கிப் பார்த்தேன். அந்த நாரையும் அவ்வளவு நேரமும் அதே இடத்தில், அதே விரிப்பில்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் முதல் மார்ச் வரை சீசன். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்ததா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ஏரியில் தண்ணீர் இருந்தால்தான் பறவை. குழந்தைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். புளியோதரையைக் கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

சாயந்திரம் மச்சான் காரை எடுக்க வந்தான். பின் கதவைத் திறந்தான். அவன் முகம் மாறியது. "யாரு மாமா இது?"

பெரியவன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் பார்த்த அதே முகம்.

"நான்தாம்ப்பா. டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கை தவறிடுச்சு" என்றேன்.

வண்டி ஓட்டிக்கொண்டே பின் சீட்டில் எப்படிக் கை தவறும் என்று மச்சான் கேட்கவில்லை. நல்ல பையன். பெரியவன் மெதுவாக வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் புது சீட் கவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக் கணக்கு நோட்டில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.