ஷீட்னா பாய் இல்லை, கயிறு

பாய்மரப் படகில் ‘ஷீட்’ என்று சொன்னால் பாய்னுதான் நீங்களும் நினைப்பீங்க. இல்லை. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறுக்குத்தான் அந்தப் பேர். ரேஸ் படகின் முன்பக்க முக்கோணப் பாய் ஜிப். அதன் பின்பக்கக் கீழ் மூலையில் ஒரு வளையம் இருக்கும். அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ரெண்டு ஷீட் பின்னால் வரும். அவற்றை வளையத்தோடு எப்படி இணைப்பது? லீவு நாட்களில் சென்னைத் துறைமுகத்தில் படகோட்டக் கத்துக்கிற என்னை ரொம்ப யோசிக்க வைத்த கேள்வி இது.

நம்ம இன்ஜினியர் புத்தி முதலில் ஸ்டீல் ஷாக்கிளுக்குத்தான் போகும். பலமானது, மாட்டவும் கழட்டவும் ஈஸி. ஆனா காற்றைக் கடந்து படகு மூக்கைத் திருப்பும்போது ஜிப் மறுபக்கம் போகணும். அந்தச் சில நொடிகள் பாய் படபடன்னு அடிக்கும். மூலையில் இரும்பு இருந்தால் அது சுத்தியல். அந்த வீச்சுக்குள் நிற்கிறது முன்தளத்து ஆள். பெரும்பாலும் நான்தான்.

அதனால் நிறைய பேர் போலின் முடிச்சு போடுறாங்க, ஷீட்டுக்கு ஒன்று. எவ்வளவு இழுத்தாலும் பூட்டிக்காது, இழுவை விட்டதும் விரலால் அவிழ்க்கலாம். ஒரு ஷீட் தேய்ந்தால் அதை மட்டும் மாத்தலாம். சிக்கல் என்னன்னா, ரெண்டு முடிச்சும் புடைச்சு நிற்கும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பிகளில் மாட்டினால் ஜிப் பாதி வழியில் நிற்கும், வேகம் போயிடும்.

இன்னொரு வழி: ஒரே நீளக் கயிறை நடுவில் மடிச்சு, மடிப்பை வளையத்துக்குள் விட்டு, ரெண்டு முனையையும் மடிப்புக்குள் இழுப்பது. சாவிக்கு டேக் மாட்டுவோமே, அதேதான். கம்பியைத் தாண்டி வழுக்கிப் போகும். ஆனா பாயை மாத்தணும்னா முழுக் கயிறையும் உருவணும்.

சாஃப்ட் ஷாக்கிள் இப்போ நிறைய பேரோட சாய்ஸ். டைனீமா கயிறில் ஒரு முனையில் உருண்டை முடிச்சு, மறுமுனையில் சுருங்கி விரியும் கண்ணி. பாலித்தீன் பையும் இதே வகைப் பிளாஸ்டிக்தான். இதில் மூலக்கூறு ரொம்ப நீளம், அவ்வளவுதான். எடைக்கு எடை ஸ்டீலை விடப் பலம், தண்ணியில் மிதக்கும். முகத்தில் பட்டாலும் இரும்பு அடி இல்லை. உரசல்தான் இதோட எதிரி, அடிக்கடி தடவிப் பார்க்கணும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம சென்னையின் கே.சி. கணபதியும் வருண் தாக்கரும் ஓட்டிய 49இஆர் படகில் ஜிப் தானே பக்கம் மாறிக்கும், ஒரே ஷீட் போதும். கேள்வியையே சின்னதாக்கிய டிசைன்!

ரேஸ் முழுக்க ஒரே ஜிப் என்றால் மடித்த கயிறு, நடுவில் பாய் மாத்தணும்னா சாஃப்ட் ஷாக்கிள். என் ஓட்டு இதுதான். தேர்வுத்தாளில் நம்மகிட்ட ‘எவ்வளவு லோடு தாங்கும்?’ என்றுதான் கேட்கிறாங்க. லோடு போன நொடியில் அது எதில் சிக்கும், யாரை அடிக்கும்? அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முன்னாடி அதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்க.