சேத்து வண்டியா, மணல் வண்டியா?

எங்க ஹாஸ்டல்ல ராத்திரி பத்து மணிக்கு மேல படிப்பு ஓடாது, யூட்யூப்தான் ஓடும். அதுல ரெண்டு கட்சி உருவாகி ரொம்ப நாளாச்சு. அமெரிக்காக்காரன் லீவு நாள்ல வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஆட்டம் போடுறான் இல்லியா, அதுல சேத்துல போடுற ஆட்டம் பெருசா, மணல்ல போடுற ஆட்டம் பெருசான்னு ஒரே அடிதடி. நம்ம கிட்ட ஒரு சைக்கிள் கூட சொந்தமா கிடையாதுங்கறது வேற விஷயம். பி.காம். படிக்கிறவன் கிட்ட தீர்ப்பு கேட்டா அவன் லெட்ஜர் போட்டுத்தானே பார்ப்பான்? போட்டுப் பார்த்துட்டேன்.

முதல்ல மணல். கலிஃபோர்னியாவோட தென்கிழக்கு மூலையில, மெக்சிகோ எல்லைகிட்ட, இம்பீரியல் மணல்மேடுகள்னு ஒரு இடம். ஜனங்க கூப்பிடுற பேரு கிளாமிஸ். 40 மைலுக்கு மேல நீளம், வெறும் மணல். 1983-ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல (ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை) பாலைவனத்துல ஒரு பெரிய கப்பல் மிதந்து வருமே, அந்த செட் போட்டது இதே மணல்லதான். 1915 வாக்குல காருங்க இந்த மணலைத் தாண்டிப் போறதுக்காக மரப்பலகையை வரிசையா அடுக்கி ஒரு ரோடே போட்டிருந்தாங்க. 1926-ல தார் ரோடு வர்ற வரைக்கும் அந்தப் பலகை மேலதான் போக்குவரத்து. மணல்ல மாட்டாம இருக்கப் பலகை போட்ட அதே ஊர்ல, இன்னிக்கு நவம்பர் மாசத்து தேங்ஸ்கிவிங் லீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல ஜனங்க வேணும்னே மணல்ல இறங்க வர்றாங்க.

இந்த மணல் வண்டிக்குத் தாத்தா புரூஸ் மேயர்ஸ். படகு கட்டுற வேலை தெரிஞ்ச மனுஷன். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட உதிரிகளை எடுத்து, படகு மாதிரியே ஃபைபர்கிளாஸ்ல ஒரு உடம்பு செஞ்சு மாட்டி, 1964-ல மேயர்ஸ் மேங்க்ஸ்னு ஒரு வண்டியை உருவாக்கினார். 1967-ல அதே வண்டியில பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தை லா பாஸ்ல இருந்து டிஹுவானா வரைக்கும் 35 மணி நேரத்துக்குள்ள கடந்து சாதனை பண்ணினார். அதே வருஷக் கடைசியில அங்க நடந்த முதல் பெரிய பந்தயத்துல ஜெயிச்சதும் ஒரு மேங்க்ஸ்தான். மனுஷர் 2021-ல 94 வயசுல காலமானார்.

இப்ப இருக்கிற மணல் வண்டியில உடம்புன்னு பெருசா ஒன்னும் கிடையாது. இரும்புக் குழாயை வளைச்சு வெல்டிங் வச்ச ஒரு கூண்டு, பின்னாடி இன்ஜின், அவ்ளோதான். பின் டயர்ல சாதாரண பட்டன் இருக்காது. படகுத் துடுப்பு மாதிரி குறுக்கால பட்டை பட்டையா இருக்கும், மணலை அள்ளி அள்ளிப் பின்னாடி தள்ளும். முன் டயர் வழவழன்னு, நடுவுல ஒரே ஒரு வரம்பு மட்டும். அது திருப்பறதுக்கு. எடை எல்லாம் பின்னாடி இருக்கிறதால மூக்கு லேசா மேல தூக்கிக்கிட்டு தண்ணியில போற ஸ்பீட் போட் மாதிரி போகும். மணலோட ரகசியமே இதுதான்: தோண்டக் கூடாது, மிதக்கணும். துபாய்ல சஃபாரி போய் வந்த சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி டிரைவர் டயர்ல பாதிக் காத்தை இறக்கி விட்டிருப்பார். டயர் சப்பையாகி அகலமானா மணல்ல அமுங்காது.

சேறு இதுக்கு நேர் எதிர். அங்க மிதக்கற ஜோலியே இல்ல. ஃப்ளோரிடா, லூசியானா, ஜார்ஜியா பக்கமெல்லாம் போனா, பழைய பிக்கப் டிரக்கை வாங்கி, அடியில ராணுவம் கழிச்சு விட்ட ரெண்டரை டன் லாரியோட ஆக்சிலை மாட்டி, டிராக்டர் டயரைப் போட்டு, ஏணி வச்சு ஏற வேண்டிய உயரத்துல நிறுத்தி வச்சிருப்பாங்க. நாலு சக்கரமும் இழுக்கும். டயர் சேத்தைக் கிழிச்சுக்கிட்டு கீழ இருக்கிற கெட்டித் தரையைத் தேடும். அதே நேரத்துல வேகமா சுத்தி, பட்டனுக்கு நடுவுல அடைச்சுக்கிட்ட சேத்தை உதறித் தள்ளணும். உதறலேன்னா டயர் வழவழன்னு உருண்டையாயிடும், அப்புறம் என்ன குதிச்சாலும் நகராது. ரேடியேட்டரை முன்னாடி வச்சா சேறு அப்பிக்கும்னு தூக்கிப் பின்னாடி தொட்டியில வச்சிருக்கிறதையும் பார்த்திருக்கேன். இன்ஜினுக்குக் காத்து போற குழாயை யானைத் தும்பிக்கை கணக்கா கூரைக்கு மேல நீட்டி விடுவாங்க. தண்ணி சிலிண்டருக்குள்ள போச்சுன்னா பிஸ்டனால அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைஞ்சு இன்ஜினே காலி.

ஃப்ளோரிடாவுல நேப்பிள்ஸ்னு ஒரு ஊர். அங்க சதுப்புநில வண்டிப் பந்தயம் 1949-ல இருந்து வழக்கம். அதுக்குன்னு ஒரு ராணியைத் தேர்ந்தெடுப்பாங்க. அலங்காரம், கிரீடம் எல்லாம் உண்டு. கடைசியில ஜெயிச்ச டிரைவர் அந்த ராணியோட சேத்துக் குட்டையில குதிப்பார்! பட்டுப்புடவையோட மஞ்சத்தண்ணி வாங்குற நம்ம ஊர் அத்தைகளுக்கு இது புரியும் :-)

சரி, லெட்ஜருக்கு வருவோம். நல்ல மணல் வண்டி ஒன்னு புதுசா வாங்கினா ஒரு லட்சம் டாலரை சாதாரணமா தாண்டும். அதை ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. இழுத்துக்கிட்டுப் போக ஒரு டிரெய்லர், அதை இழுக்க ஒரு பெரிய வண்டி, அங்க தங்க ஒரு கேரவன். வெயிலுக்கு பயந்து அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் சீசன். மீதி மாசம் வண்டி ஷெட்டுல தூங்கும், தேய்மானம் மட்டும் தூங்காது. சேத்து வண்டியில முதலீடு கம்மி. காயலான் கடையில ஆரம்பிச்சு காயலான் கடையில முடிக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் ஏதாவது ஒன்னு உடையும். ஆக்சில், ஜாயின்ட், பேரிங். நம்ம பாஷையில சொன்னா மணல்ல நிலையான செலவு ஜாஸ்தி, சேத்துல மாறும் செலவு ஜாஸ்தி. கழுவுற கூலியைத் தனிக் கணக்காவே எழுதணும். அப்புறம் நேரம்னு ஒன்னு இருக்கு. மணல்காரன் நாள் பூரா ஓட்டுவான். சேத்துக்காரன் பத்து நிமிஷம் ஓட்டிட்டு மிச்ச நேரம் அடுத்தவனைக் கயிறு கட்டி இழுப்பான், இல்லேன்னா அவனை இழுப்பாங்க. என்னோட தீர்ப்பு: ஓட்டற சுகத்துக்கு மணல், கூட்டாளிகளோட கும்மாளத்துக்கு சேறு. நான் சேத்து கட்சி.

மண்ணுக்கு என்ன ஆகுதுன்னும் பார்க்கணும். மணல்ல போட்ட தடத்தை ஒரு காத்து வந்து அழிச்சிடும்னு மணல் கட்சிக்காரன் பெருமையா சொல்லுவான். அங்கயும் பியர்சன் மில்க்வெட்ச்னு ஒரு சின்னச் செடி இருக்கு. அழியற அபாயத்துல இருக்குன்னு 1998-ல பட்டியல்ல சேர்த்தாங்க. அதுக்காகப் பெரிய பரப்பை மூட, ஓட்டறவங்க எதிர்க்க, வருஷக்கணக்கா வழக்கு. சதுப்பு நிலத்துல தடம் விழுந்தா காத்து வந்து அழிக்காது. இந்த விஷயத்துல என் கட்சி பலவீனம்தான்.

போன பொங்கல் லீவுல இந்த வீடியோவை எங்க அப்பாகிட்ட காட்டினேன். மன்னார்குடி பக்கம் எங்க ஊரு. அப்பா டிராக்டர் வச்சு மணிக்கணக்குல வாடகைக்கு ஓட்டறவர். நடவுக்கு முன்னாடி தண்ணி கட்டின வயல்ல கேஜ் வீல் மாட்டி சேறு அடிக்கிறதுதான் அவரோட சீசன். அதாவது எந்த சேத்துல இறங்க அமெரிக்காக்காரன் காசு குடுக்கிறானோ, அதுல இறங்கத்தான் எங்க அப்பா காசு வாங்கறார். அந்தக் காசுலதான் என் செமஸ்டர் ஃபீஸ்.

மொதல்ல சிரிச்சார். "டீசலுக்கு யாருடா காசு குடுக்கறது?"ன்னார். அவங்களேதான்னு சொன்னதும் நம்பல. அப்புறம் வாங்கி, கிட்ட வச்சு, நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பிச்சிட்டார். ஒரு டிரக் நடுச் சேத்துல நின்னு, டிரைவர் மிதி மிதின்னு மிதிக்கிறான். அப்பா சட்டுனு, "இதே நம்ம வண்டியா இருந்தா மூக்கு தூக்கியிருக்கும்"னார்.

இது நிறைய பேருக்குத் தெரியாது. டிராக்டர் பின்சக்கரம் சேத்துல பிடிச்சிக்கிட்டு சுத்த முடியாம போச்சுன்னா, இன்ஜினோட பலம் எங்கயாவது போயாகணும். சக்கரம் சுத்தாது, அதனால வண்டியோட உடம்பே ஆக்சிலைச் சுத்திக் கிளம்பும். முன்சக்கரம் மேல எழும்பி, வண்டி பின்பக்கமா டிரைவர் மேலயே கவுந்துடும். கண்ணிமைக்கிற நேரம்தான், குதிக்கவெல்லாம் முடியாது. மாட்டிக்கிட்ட சக்கரத்துக்கு முன்னாடி கட்டையைக் கட்டி ஏத்தப் பார்க்கிறது இன்னும் மோசம். அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் அப்படித்தான் போயிட்டார். நான் அப்ப அஞ்சாவது படிச்சேன். அன்னிக்கு அப்பா கேஜ் வீலைக் கழட்டி ஓரமா வச்சிட்டு நாலு நாள் வண்டியைத் தொடல. அஞ்சாம் நாள் போயிட்டார், அடுத்தவன் நடவு காத்துக்கிட்டு இருக்குமே.

வீடியோவுல அப்பா கடைசியா கவனிச்சது டயரும் இல்ல, இன்ஜினும் இல்ல. "அந்த ஆளு தலைக்கு மேல கம்பி போட்டிருக்கானே, அது எதுக்கு?"ன்னு கேட்டார். கவுந்தா உடம்பு நசுங்காம இருக்க கூண்டுப்பா, அதோட தோள்லயும் இடுப்புலயும் பெல்ட் போட்டு சீட்டுல இறுக்கிக்குவாங்கன்னு சொன்னேன். மணல் வண்டிக்கும் அதே கூண்டு, அதே பெல்ட். மேட்டு உச்சிக்கு அந்தப் பக்கம் சரிவு செங்குத்தா இருக்கும், எதிர்ல யார் ஏறி வர்றான்னு தெரியாது. அதுக்காக ஒவ்வொரு வண்டியிலயும் எட்டடி உயரத்துல கொடி கட்டணும்னு கிளாமிஸ்ல சட்டமே இருக்கு. விளையாடறவனுக்கு இவ்வளவு. எங்க வண்டியில தலைக்கு மேல இருக்கிறது வெயிலுக்குப் போட்ட துணிக் கூரை.

இப்ப நான் விசாரிச்சுக்கிட்டு இருக்கிறது அதைத்தான். டிராக்டருக்குன்னே கவிழ்ப்புத் தடுப்புச் சட்டம் செய்யறாங்க. ஸ்வீடன்ல புது டிராக்டருக்கெல்லாம் 1959-லயே கட்டாயமாக்கிட்டாங்க. நாமளே பட்டறையில குழாயை வளைச்சு வெல்டிங் வச்சா வண்டி எடையைத் தாங்குமான்னு சொல்ல முடியாது. சோதனை பண்ணினதாத்தான் வாங்கணும். அதோட பெல்ட்டும் சேர்த்துப் போடணும், பெல்ட் இல்லாத கூண்டுல ஆள் வெளிய விழுந்து கூண்டுக்கு அடியிலயே மாட்டுவார். மடக்கற மாதிரி இருந்தா தென்னந்தோப்புக்குள்ள போகவும் இடைஞ்சல் இருக்காது. அப்பாகிட்ட விலையைச் சொன்னேன். "கேஜ் வீல் தேஞ்சு போய்க் கிடக்கு, அதை முதல்ல பார்ப்போம்"னார். குறுவைக்கு முன்னாடி திரும்பவும் கேட்கப் போறேன்.