மீட்டரைக் கடைசியில் பார்ப்பது

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு விலை பேசப்படும் இடத்தில், அது தமிழகத்துச் சிறுநகரம் ஒன்றின் ஆட்டோ கன்சல்டிங் கடையாக இருந்தாலும் தெரிந்தவர் வீட்டு வாசலாக இருந்தாலும், முதலில் எழும் கேள்வி வண்டி எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதுதான். அக்கேள்விக்கு விடையாகக் கிடைக்கும் எண் ஒன்றே வாங்குபவரின் மனத்தில் விலையின் பாதியை முடிவுசெய்துவிடுகிறது. எண் சிறியதாக இருந்தால் மற்ற குறைகள் கண்ணில் படாமல் போவதும், பெரியதாக இருந்தால் நல்ல வண்டியும் ஒதுக்கப்படுவதும் இதனால் நேர்கின்றன. ஆகவே வண்டியை மதிப்பிடுபவர் மீட்டரை முதலில் பார்க்காமல், பாகங்களின் தேய்மானத்தைக் கொண்டு ஓடிய தூரத்தைத் தாமே கணித்துவிட்டு, அதன்பின் மீட்டர் காட்டும் எண்ணோடு ஒப்பிடுவதே பயனுள்ள வரிசையாகும். இரண்டும் ஒத்துப்போனால் எண்ணை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால், எண்ணைவிட அந்த இடைவெளியே வண்டியைப் பற்றி அதிகம் தெரிவிக்கிறது.

இவ்வரிசை ஏன் வேண்டும் என்பதை அறிய, அந்த எண் உருவாகும் விதத்தை அறிய வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியாகிய ஓடோமீட்டர், பழைய வகை வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரத்தோடு இணைந்தது. சக்கரத்தின் நடுக்குடத்தில் உள்ள ஒரு சிறு திருகுப் பல்சக்கரம் நீண்ட உள்கம்பி ஒன்றைச் சுழற்ற, அக்கம்பி மீட்டருக்குள் சென்று ஒரு காந்தத்தைச் சுழற்றி வேகமுள்ளை நகர்த்துகிறது. அதே சுழற்சி பல்சக்கர வரிசை ஒன்றின் வழியே எண் உருளைகளையும் திருப்புகிறது. அந்தக் கம்பி அறுந்துபோனால் வேகமுள்ளும் நிற்கும், தூரக் கணக்கும் நிற்கும். வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் கேபிள் அறுந்த நிலையிலேயே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், ஓட்டப்படும் வண்டிகள் நம் தெருக்களில் ஏராளம் என்பதால், அத்தகைய வண்டியின் எண்ணை ‘குறைந்தது இவ்வளவு’ என்ற அளவிலேயே கொள்ள முடியும். சோதனை ஓட்டத்தின்போது ஒரு கிலோமீட்டர் தூரம் சென்று கடைசி இலக்கம் மாறுகிறதா என்று கவனிப்பது மிக எளிய சோதனை. ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு. பழைய வண்டிகள் பலவற்றில் ஐந்து இலக்கங்களே இருப்பதால் 99,999-க்குப் பின் உருளைகள் மீண்டும் சுழிக்கே திரும்பிவிடும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். 1994-இல் சந்தைக்கு வந்து இன்றுவரை பழைய வண்டிச் சந்தையை நிறைத்துக்கொண்டிருக்கும் ஸ்பிளெண்டர் போன்ற வண்டியில், பதினான்கு ஆண்டுப் பழமையோடு 23,000 என்று காணும் எண் உண்மையில் 1,23,000-ஆகவும் இருக்கலாம்.

வேண்டுமென்றே எண்ணைக் குறைப்பது இதற்கு மேற்பட்டது. உருளை வகை மீட்டரைப் பிரித்து எண்ணைத் திருப்பினால், இலக்கங்கள் ஒரே கோட்டில் நில்லாமல் ஏறி இறங்கி நிற்பது, மூடியின் திருகுகளில் கீறல் தெரிவது போன்ற தடயங்கள் சில வேளைகளில் எஞ்சும். டிஜிட்டல் மீட்டரில் எண் ஒரு நினைவுச் சில்லில் பதிந்திருப்பதால், அதைக் கருவி கொண்டு மாற்றியவர் வெளியே எந்தத் தடயத்தையும் விடுவதில்லை. விபத்தில் உடைந்த மீட்டருக்குப் பதிலாகப் புதியதையோ பழைய உதிரிக் கடையில் வாங்கியதையோ பொருத்துவது முற்றிலும் நேர்மையான காரணத்தாலும் நிகழ்வதே; ஆனாலும் அந்த வண்டியின் எண் அதற்குப் பின் வேறொரு வண்டியின் கதையைச் சொல்வதாகிவிடுகிறது. பட்டறைகள் ஒட்டும் ஆயில் மாற்றிய சீட்டுகள், நிறுவன சர்வீஸ் நிலையத்தின் பதிவுகள், பழைய ரசீதுகள் ஆகியவற்றில் தேதியும் கிலோமீட்டரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். அவற்றைக் கால வரிசையில் அடுக்கும்போது எண் ஓரிடத்திலாவது பின்னோக்கிச் சென்றிருந்தால், அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏமாற்றே இல்லாத இடத்திலும் இந்த எண்ணுக்கு ஓர் உள்ளார்ந்த குறை உண்டு. அனுபவமுள்ளவர் அதிகம் யோசிப்பது இதைப் பற்றியே. ஓடோமீட்டர் அளப்பது சக்கரம் கடந்த வழியை. இன்ஜின் செய்த வேலையை அன்று. நெடுஞ்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 30,000 கிலோமீட்டரைக் கடக்கும் இன்ஜின் 600 மணி நேரம் இயங்குகிறது. நகர நெரிசலில் சராசரியாக 20 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்தைக் கடக்கும் இன்ஜின் 1,500 மணி நேரம் இயங்குகிறது. சிக்னல்களில் அணைக்காமல் நின்ற நேரமும் அந்தச் சராசரிக்குள்ளேயே அடங்கும். இதற்குமேல் கியரின் கணக்கும் இருக்கிறது: நான்கு கியர் கொண்ட 100 சிசி வண்டி இரண்டாம் கியரில் ஒரு கிலோமீட்டர் செல்வதற்கு, நான்காம் கியரில் செல்வதைவிட ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு அதிகமாக அதன் இன்ஜின் சுழல வேண்டியிருக்கிறது. பழைய டிராக்டர் வாங்கும் விவசாயி ‘எத்தனை மணி ஓடியிருக்கிறது’ என்றே கேட்கிறார்; டிராக்டரில் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டரே இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அத்தகைய மீட்டர் இல்லாததால், அந்தக் கணக்கை வாங்குபவர் தாமே போட வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் வண்டி யாரிடம், எந்த ஊரில், எதற்காக ஓடியது என்ற விசாரணை.

நீலகிரியிலோ ஏற்காட்டிலோ ஓடிய வண்டியில் கிளட்ச் தகடுகளும் பிரேக்கும் சமவெளி வண்டியினதைவிட விரைவாகத் தேய்ந்திருக்கும். தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற கடலோர ஊர்களில் இருந்த வண்டியில் இன்ஜின் நன்றாக இருக்கையிலேயே சைலன்சரின் அடிப்பகுதி, ஸ்போக் கம்பிகள், சீட்டுக்கு அடியில் உள்ள சட்டத்தின் இணைப்புகள் ஆகியன உப்புக்காற்றால் அரிக்கப்பட்டிருக்கக்கூடும். தண்ணீர்க் கேன்களையும் பால் கேன்களையும் சுமந்த வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர்களும் ஸ்விங்ஆர்ம் புஷ்களும் தூரத்துக்குப் பொருந்தாத அளவு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு நாளும் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு மட்டும் சென்றுவந்த வண்டி எல்லாவற்றிலும் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அதன் இன்ஜின் முழுச்சூட்டை எட்டுவதற்குள் அணைக்கப்படுவதால், எரிதலில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே கலந்து தங்கி, ஆயிலின் காப்புத்திறனைக் குறைத்துவிடுகின்றன.

இனி, கணிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு வரலாம். மனிதரின் கையும் காலும் தொடும் இடங்களே முதலில் பார்க்கத் தக்கவை. ஃபுட்ரெஸ்ட் ரப்பரின் வரிகள், கியர் லீவரின் ரப்பர், கிக்கரின் ரப்பர், பிரேக் மிதியின் இரும்பு முகத்தில் உள்ள சொரசொரப்பு, சாவித் துவாரத்தின் தளர்ச்சி ஆகியவற்றை யாரும் திட்டமிட்டுத் தேய்ப்பதில்லை. 12,000 கிலோமீட்டர் என்று சொல்லப்படும் வண்டியில் பிரேக் மிதி வழவழப்பாகப் பளபளத்தால் அந்த எண் சந்தேகத்துக்குரியது; அதே வண்டியில் இந்த ரப்பர்கள் எல்லாம் ஒருசேரப் புதியனவாக இருந்தால், அவ்வளவு விரைவில் அவற்றை மாற்ற நேர்ந்தது ஏன் என்ற கேள்வி எழ வேண்டும். அடுத்தது டயர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு அது தயாரான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வண்டியின் ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்துக்குச் சற்று முந்தைய எண்ணோடு இரண்டு டயர்களும் இருந்தால் அவை வண்டியோடு வந்தவை. சிறு வண்டியின் பின்டயர் ஓட்டத்தைப் பொறுத்துச் சுமார் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பதால், 15,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் முன்டயரும் மாற்றப்பட்டிருந்தால் விற்பவரிடம் ஒரு விளக்கம் இருக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தகட்டின் வெளிவிளிம்பை நகத்தால் தடவினால், பேட் உராயாத ஓரம் திட்டாக எழுந்து நிற்பது தெரியும். அத்திட்டின் உயரமே தேய்மானத்தின் அளவு. தகடு எந்தக் கனத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒருபுறமாகச் சாய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்தால் அந்தச் செட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. ஹேண்டில்பார் திரும்புவதற்கு உதவும் குண்டுத் தாங்கிகளைப் பட்டறைகளில் கோன் செட் என்பர். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுநிலையில் ஒரு சிறு பள்ளத்தில் விழுவதுபோல் கைக்குத் தட்டுப்பட்டால், கோன் செட்டில் தழும்பு விழுந்திருக்கிறது என்று பொருள். அத்தழும்பு நெடுந்தூரத்தாலும் வரும், குண்டும் குழியுமான சாலையில் குறைந்த தூரத்திலும் வரும். ஆதலால் இது தூரத்தைவிடப் பாதையைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது இன்றியமையாதது. பார்க்கச் செல்லும்போது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தால், காத்திருப்பதோ மறுநாள் காலையில் வருவதோ நல்லது. இரவு முழுதும் நின்ற வண்டியை உயிர்ப்பித்தவுடன் சிறிது நேரம் மட்டும் நீலம் பாய்ந்த வெண்புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சீல்கள் இறுகிவிட்டன எனலாம். ஓடும்போது ஆக்சிலரேட்டரைத் திருகும்தோறும் அப்புகை வந்தால் பிஸ்டன் வளையங்களும் உருளைச் சுவரும் தேய்ந்திருக்கின்றன. முன்னது சிறு வேலை. பின்னது உருளையைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் ‘போர்’ வேலை. சில உயர்திறன் வண்டிகளில் உருளைச் சுவர் நிக்கல் கலந்த கடினப் பூச்சு உடையதாதலால் அதை வழக்கம்போலக் கடைய முடியாது, முழு உருளையையே மாற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. டேப்பெட்டின் மெல்லிய தட்டொலி கவலைக்குரியதன்று. ஓசையே இல்லாமல் இறுக்கப்பட்ட டேப்பெட் வால்வைக் கருக்கிவிடக்கூடும் என்பதால் அதுவே கவலைக்குரியது. கனமான ‘டொக் டொக்’ ஒலி கீழிருந்து வந்தால், அது பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டின் தாங்கி தேய்ந்ததன் அறிகுறியாகக்கூடும். அத்தகைய வண்டியின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிடுவதே தக்கது.

மிகக் குறைந்த தூரம் ஓடிய வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கி வீட்டில் நிறுத்திய வண்டி, எட்டு ஆண்டுகளில் 6,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருக்கும். அந்த எண் முழுக்க உண்மையாகவும் இருக்கும். ஆயினும் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசினாகப் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்ப்பதால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கக்கூடும். ஆயில் சீல்கள் உலர்ந்து, வண்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்கும். டயரில் வரிகள் குறையாமலே பக்கவாட்டில் வெடிப்புகள் தெரியும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நீரில் மூழ்கிய வண்டிகளுக்கும் ஓடிய தூரம் எந்தச் சான்றும் ஆகாது. ஹெட்லைட் கூட்டுக்குள் வண்டல் கோடு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகளில் காய்ந்த சேறு, பால் கலந்த தேநீரின் நிறத்தில் ஆயில் ஆகியவை அங்கே தேடப்பட வேண்டியவை. 100 முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளில், ஐந்தாறு ஆண்டுகளில் 40,000 கிலோமீட்டர் ஓடி, ஆயில் மாற்றிய ரசீதுகளையும் தொடர்ச்சியாக வைத்திருக்கும் வண்டி, அதே வயதில் 8,000 மட்டுமே ஓடி எந்தப் பதிவும் இல்லாத வண்டியைவிடத் தெரிவுக்கு உரியது என்பதே இத்தொழிலின் அனுபவம் தரும் முடிவு.

இவ்வளவும் பார்த்தபின் அந்த எண்ணால் என்ன பயன் என்று கேட்கலாம். அதன் சிறந்த பயன், வரப்போகும் செலவுகளைக் கணிப்பதில் இருக்கிறது. 18,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பழைய செயின் செட்டும் பின்டயரும் முடியும் தறுவாயில் இருக்க, 24,000 ஓடிய மற்றொன்றில் அவையிரண்டும் கிளட்ச் தகடுகளும் அண்மையில் மாற்றப்பட்டிருந்தால், விலை ஒன்றாயிருக்கும்போது இரண்டாவதே மலிவானது. முதலாவதை வாங்குபவர் சில மாதங்களுக்குள் அச்செலவைச் செய்தாக வேண்டும். இன்ஜின் இறக்கி வேலை பார்க்கப்பட்ட வண்டிக்கும் இக்கணக்கே பொருந்தும். ரசீதோடு செய்யப்பட்ட போர் வேலை, பிஸ்டனுக்கும் உருளைக்கும் புதுக்கணக்கைத் தொடங்குகிறது. கியர் பெட்டிக்கும் கிராங்க்குக்கும், அவையும் திறக்கப்படாதவரை, பழைய கணக்கே தொடர்கிறது. பதிவுக்கால வரம்பும் இதோடு சேரும்: இருசக்கர வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லுமாதலால், பதின்மூன்றாம் ஆண்டில் இருக்கும் வண்டிக்குக் குறைந்த தூரத்தைக் காட்டி அதிக விலை கேட்பதில் பொருளில்லை. விலை பேசும்போது, பொதுவாக ‘அதிகம் ஓடிவிட்டது’ என்று சொல்வதைவிட, மாற்ற வேண்டிய பாகங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அருகிலுள்ள உதிரிபாகக் கடையில் அவற்றின் விலையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, அத்தொகையைக் கழித்துக் கேட்டால், நேர்மையான விற்பனையாளர் பெரும்பாலும் மறுப்பதில்லை.